முகம் கொடுத்த டாக்டர்

1940-ம் ஆண்டு. இங்கிலாந்தின் வானத்தில் கடும் விமானச் சண்டை. விமானத்தின் பெட்ரோல் டாங்கி தீப்பிடித்தால், சில விநாடிகளில் விமானி வெளியே குதித்தாக வேண்டும். அப்படிக் குதித்துத் தப்பியவர்களில் பலருக்கு முகமும் கையும் வெந்துபோயிருந்தன. சிலருக்குக் கண் இமை இல்லை. சிலருக்கு மூக்கு இல்லை. பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது!

அவர்களுக்கு மறுவாழ்வு கொடுத்தவர் டாக்டர் ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ.

இவர் 1900-ல் நியூசிலாந்தில் பிறந்தவர். லண்டனில், தம் உறவினரான ஹெரால்டு கில்லிஸ் என்ற பிரபல டாக்டரிடம் ஒட்டு அறுவை சிகிச்சை பழகினார். 1939-ல் யுத்தம் மூண்டதும், லண்டனுக்குத் தெற்கே உள்ள ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அந்த நாளில் தீப்புண்ணுக்கு டானிக் அமிலம் பூசுவார்கள். புண் தோல்போல் இறுகி, விரல்கள் விறைத்துவிடும். கடலில் விழுந்த விமானிகளுக்கு மட்டும் புண் நன்றாக ஆறுவதை மெக்கிண்டோ கவனித்தார். அமிலத்தை ஒதுக்கிவிட்டு, நோயாளிகளை உப்புநீர்த் தொட்டியில் குளிப்பாட்டினார். உடம்பின் வேறு இடத்துத் தோலைக் குழாய்போல் சுருட்டி, ரத்த ஓட்டம் அறாமல் கொண்டுவந்து புது மூக்கு அமைத்தார். ஒரே ஆளுக்குப் பத்து, இருபது ஆபரேஷன்கள்!

தையல் ஆறிவிட்டது, ஆனால் இந்த முகத்தோடு எப்படித் தெருவில் நடப்பது? மெக்கிண்டோவுக்குத் தழும்பு மட்டும் கணக்கல்ல. பையன் கடைத்தெருவுக்குப் போகிறானா, நாலு பேரோடு சிரித்துப் பேசுகிறானா, வேலைக்குத் திரும்பினானா என்று பார்த்தார். நோயாளிக்குரிய நீல உடையை மாற்றி, ராணுவ உடையே உடுத்தச் சொன்னார். வார்டில் பீர் பீப்பாய்கூட வைத்தார்! ஊர்க்காரர்களிடம், இவர்களை வெறித்துப் பார்க்காமல் வீட்டுக்கு அழையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊரும் அழைத்தது.

1941-ல் நோயாளிகள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர், கினிப்பன்றி சங்கம்! புது வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்கும் பிராணி அல்லவா அது? பொருளாளராக, கால் வெந்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பணத்தோடு ஓட முடியாதாம். கை வெந்தவர் செயலாளர். அதிகம் எழுத மாட்டாராம். யுத்தம் முடிந்தபோது உறுப்பினர்கள் 649 பேர்.

1947-ல் மெக்கிண்டோவுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1960-ல் தூக்கத்திலேயே காலமானார். 2014-ல் அந்த ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். உட்கார்ந்திருக்கும் விமானியின் தோளில் டாக்டர் கை வைத்து நிற்கிறார். அதைச் செய்த சிற்பியின் தந்தையும் மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவர்தான்.