வீஜி: இரவின் சாட்சி

1899இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலும் இன்றைய உக்ரைனிலும் அடங்கும் சிற்றூர் ஒன்றில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர் உஷெர் ஃபெல்லிக். பத்து வயதளவில் நியூயார்க் வந்து சேர்ந்தபோது அவர் ஆர்தர் ஆனார். வறுமை பள்ளிப் படிப்பைப் பறித்தது. 1924 முதல் அக்மி செய்திப்பட நிறுவனத்தின் இருட்டறையில், பிறர் எடுத்த படங்களைக் கழுவி அச்சிடுவதே அவரது பிழைப்பாயிற்று.

1935இல் அவ்வேலையைத் துறந்தார். மன்ஹாட்டன் காவல்துறைத் தலைமையகத்தின் அருகே ஓர் அறையில் வாழ்ந்தார். 1938இல் தம் காரில் காவல்துறை வானொலியைப் பொருத்திக்கொள்ள அனுமதி பெற்றார். சூதாட்டக் கும்பல்களும் கூலிக்கொலைக் கூட்டங்களும் தெருவில் விட்டுச்சென்ற உடல்களை விடியுமுன் படமாக்கி நாளிதழ்களுக்கு விற்றார். வீஜி என்னும் புனைபெயரை முத்திரையாக படங்களின் பின்புறம் பதித்தார்.

பிறர் மரணத்தை விற்று வாழ்ந்தவர் என்னும் பழி அவரைத் தொடர்ந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. 1941இல் நடந்த தம் கண்காட்சிக்குக் கொலையே என் தொழில் என்று தாமே பெயர் சூட்டினார். ஆயினும் அவ்வாண்டு புரூக்ளினில் எடுத்த ஒரு படம் அவரை வேறாகக் காட்டுகிறது. சுட்டுக் கொல்லப்பட்ட சூதாடியின் உடல் அதில் இல்லை. முண்டியடித்து எட்டிப் பார்க்கும் சிறுவர்கள் இருக்கிறார்கள். சிலர் முகத்தில் சிரிப்பு. அவர்கள் நடுவே இறந்தவரின் உறவுப் பெண்ணொருத்தி கதறுகிறாள். சடலத்திலிருந்து திரும்பிய கேமரா, பார்ப்பவரைப் பார்த்தது. ஏனைய செய்திப் படங்களிலிருந்து அவருடையவை விலகி நிற்பது இவ்விடத்தில்தான்.

1943இல் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்கள் ஐந்தைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. 1945இல் நேக்கட் சிட்டி நூல் வெளிவந்து புகழ் தந்தது. பின்னர் ஹாலிவுட் சென்று, கண்ணாடி வில்லைகளால் முகங்களைச் சிதைத்துக் காட்டும் படங்களில் ஈடுபட்டார். தெருவில் கிட்டிய வலிமை அவற்றில் கூடவில்லை.

1968 டிசம்பர் 26இல் நியூயார்க்கில் மறைந்தார். அவருடன் வாழ்ந்த வில்மா வில்காக்ஸ் அறையில் குவிந்துகிடந்த படங்களைக் குப்பைக்கு அனுப்பாமல் காத்தார். அவர் வழியாக 1993இல் 16,000க்கும் மேற்பட்ட படங்கள் அந்நகரின் சர்வதேச ஒளிப்பட மையத்தை அடைந்தன. ஒருநாள் செய்திக்கென எடுத்து, மறுநாள் மறக்கப்பட வேண்டிய தாள்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அவற்றில் கொலையாளிகளின் பெயர்கள் மங்கிவிட்டன. வேடிக்கை பார்த்தவர்களின் முகங்கள் மங்கவில்லை.