காற்றடைத்த டயர் கண்ட டன்லப்

நாம் ஏறிச் செல்லும் மிதிவண்டி குலுங்காதிருப்பது யாரால்?

ஜான் பாய்டு டன்லப் 1840ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உழவர் குடும்பத்தில் தோன்றினார். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவரானார். அவர்தம் மைந்தனின் மூன்று சக்கர வண்டி, கெட்டி ரப்பர் டயரால் கல் பாவிய தெருவில் குலுங்கியது. மெல்லிய ரப்பர்த் தாளைக் குழாயாக ஒட்டி, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் நிரப்பி, துணி சுற்றிச் சக்கரத்தில் பொருத்தினார். (பஞ்சர் ஒட்டும் நம் தோட்டத்து அண்ணன்மாருக்கு இவ்வேலை விளங்கும்!) 1888இல் காப்புரிமை பெற்றார், மறு ஆண்டே அவருடைய டயர் பூட்டிய மிதிவண்டி பந்தயங்களில் வென்றது. ஆயினும், தாம்சன் என்பார் 1840களிலேயே அம்முறைக்கு உரிமை பெற்றிருந்தமை தெரியவரவே, டன்லப்பின் உரிமை செல்லாதாயிற்று. நிறுவனம் அவர் பெயரால் வளர்ந்தது. பெருஞ்செல்வம் அவரைச் சேரவில்லை. 1921இல் மறைந்தார்.

மிதிவண்டிக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் டயர் வேண்டப்பட்டமையால், கிள்ளான் வட்டாரக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து பால்மரம் வெட்டியது அதற்காகவே.