ஐசாக் மெரிட் சிங்கர்

ஐசாக் மெரிட் சிங்கர் (அக்டோபர் 27, 1811 – சூலை 23, 1875) அமெரிக்கப் புத்தாக்குனரும், நாடக நடிகரும், தொழில் முனைவரும் ஆவார். தையல் எந்திரத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவரல்லர். முந்தைய எந்திரங்களின் குறைகளைக் களைந்து, அதனை நாள்தோறும் பயன்படுத்தத்தக்க கருவியாக மாற்றியவர்.

இளமை

நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தந்தை செருமனியிலிருந்து குடியேறியவர். சிங்கர் இளம் வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, எந்திரப் பட்டறையில் தொழில் பயின்றார். 1839ல் பாறை துளைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, அதனை 2,000 டாலருக்கு விற்றார். அப்பணத்தைக் கொண்டு நாடகக் குழு நடத்தினார்.

தையல் எந்திரம்

1850ல் பாஸ்டன் நகரில் ஆர்சன் பெல்ப்சு என்பவரின் பட்டறையில், பழுதுபார்க்க வந்த தையல் எந்திரத்தைக் கண்டார். அதன் நாடா (ஷட்டில்) வட்டமாகச் சுற்றியதால், ஒவ்வொரு சுற்றிலும் நூல் முறுக்கேறி அறுந்தது. நாடாவை முன்னும் பின்னும் நேராக ஓடச் செய்தல், நேரான ஊசியை மேலும் கீழும் இயக்குதல், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் அமைத்தல் ஆகிய மாற்றங்களைச் சிங்கர் முன்வைத்தார்.

அவர் பின்னாளில் கூறியதன்படி, 40 டாலர் கடனில், 11 நாட்களில் முதல் எந்திரம் உருவானது. ஆனால் தையல் இறுகவில்லை. நள்ளிரவில் மனம் தளர்ந்து திரும்பும் வழியில், துணியின் மேற்பக்கத்தில் நூல் வளையங்கள் தளர்ந்திருந்ததை அவருடைய கூட்டாளி குறிப்பிட்டார். ஊசி நூலின் இழுவிசையைச் (டென்ஷன்) சரிசெய்ய மறந்தது அப்போது புலப்பட்டது. பட்டறைக்குத் திரும்பி அதனைச் சரிசெய்ததும் தையல் நன்கு அமைந்தது. ஆகத்து 12, 1851ல் காப்புரிமை கிடைத்தது.

மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்வதே இத்தையலின் அடிப்படை. மேல்நூல் அதிகம் இறுகினால் பாபின் நூல் மேலே தெரியும். தளர்ந்தால் துணியின் அடியில் வளையங்கள் தோன்றும். திண்டிவனம், விழுப்புரம் தையற்கடைகளிலும் தையல் பிசகினால் இழுவிசையே முதலில் பார்க்கப்படும்.

வழக்கும் வணிகமும்

நுனியில் கண்ணுள்ள ஊசியும் நாடாவும் கொண்ட எந்திரத்துக்கு எலியாசு ஓவ் 1846லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அவர் தொடுத்த வழக்கில் தோற்ற சிங்கர், 1854ல் 15,000 டாலர் செலுத்த நேர்ந்தது. 1856ல் போட்டி நிறுவனங்கள் தம் காப்புரிமைகளை ஒன்றிணைத்து வழக்குகளை முடித்துக்கொண்டன. கூட்டாளி எட்வர்டு கிளார்க் புகுத்திய தவணை முறை விற்பனையால், எளிய குடும்பங்களும் எந்திரம் வாங்க முடிந்தது.

சிங்கர் தம் இறுதி ஆண்டுகளை இங்கிலாந்தில் கழித்து, பெயின்டன் நகரில் காலமானார்.

இந்தியாவில்

1924ல் கோ. இராமச்சந்திரனுடன் உரையாடுகையில், எந்திரங்களை மறுத்துவந்த காந்தி, சிங்கரின் தையல் எந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவியின் உழைப்பைக் குறைக்கும் அன்பினால் அது பிறந்தது என அவர் கருதினார். சிங்கரின் வாழ்க்கை வரலாறு இதற்குச் சான்று தரவில்லை. எனினும் அவ்வெந்திரம் கையால் தைப்போரின் உழைப்பைப் பெரிதும் குறைத்தது.