இருட்டைத் தேடி வந்த மேதை

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஒடுகத்தூர். அதே மலையில், ஆலங்காயம் பக்கம், காவலூர் என்று ஒரு சிற்றூர் உண்டு. சந்தன மரத்துக்குப் பேர்போன இந்த மலைக்கு ஒருவர் இருட்டைத் தேடி வந்தார். அவர்தான் வைணு பாப்பு.

பாப்பு 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஊர் தூங்கும் நேரத்தில் மகன் நட்சத்திரம் பார்த்தார். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்து, கல்லூரியில் படிக்கும்போதே கட்டுரை எழுதினார்.

அந்த வேலைக்கு முதல் கருவி கண்தான்.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் முதலில் ஒன்றும் தெரியாது. சினிமாக் கொட்டகையில் இடம் தேடித் தடுமாறாதவர் யார்? கண்ணின் பாப்பா சீக்கிரம் விரிந்துவிடும். அது மட்டும் போதாது. விழித்திரையில், மங்கிய ஒளியைப் பார்ப்பதற்கென்றே கோல் போன்ற நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள சிவந்த சாயம் வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும். திரும்ப ஊற அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு தீக்குச்சி கிழித்தால் போச்சு! மறுபடியும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் நட்சத்திரம் பார்ப்பவர்கள் மங்கிய சிவப்பு விளக்கு வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு வேடிக்கை: விழித்திரையின் நட்டநடுவில் இந்தக் கோல்கள் கிடையாது. ஆகவே, மங்கலான நட்சத்திரம் நேராகப் பார்த்தால் மறையும். ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும்.

இந்தச் சாயம் ஊற 'ஏ' வைட்டமின் வேண்டும். முருங்கைக்கீரையில் அது நிறைய உண்டு. குறைந்தால் மாலைக்கண் வரும்.

பாப்பு அமெரிக்கா சென்று ஹார்வர்டில் படித்தார். 1949-ல் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது.

1960-ல் கொடைக்கானல் வானாராய்ச்சிக் கூடத்தின் தலைவரானார். அங்கே முக்கியமாக சூரிய ஆராய்ச்சிதான். நட்சத்திர ஆராய்ச்சிக்கு ஊர் விளக்கு எட்டாத இடம் வேண்டும். தேடி அலைந்து காவலூரைப் பிடித்தார். 1968-ல் அங்கே 15 அங்குல டெலஸ்கோப் வந்தது. 1972-ல் 40 அங்குலம். அவருக்கு அதுவும் போதவில்லை. 92 அங்குல டெலஸ்கோப்பை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று உறுதிகொண்டார். அந்நாளில் அது சாமானிய ஆசை அல்ல. வேலை தொடங்கியது.

1979-ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவரானார். 1982-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி ஜெர்மனியில், மியூனிக் நகரில், காலமானார். வயது 55.

இருட்டில் நன்றாக விரிந்த கண் பாப்பாவின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். அதைவிட லட்சம் மடங்கு ஒளியை அள்ளும் அந்தப் பெரிய டெலஸ்கோப்பை 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். அதன் வழியே ஒரு நட்சத்திரத்தையும் பார்க்க பாப்புவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. டெலஸ்கோப்புக்கும் காவலூர்க் கூடத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.