சாரணர் தந்தை

பெற்ற மகனைப் பிறர் கையில் ஒப்படைத்து, காட்டிலும் கடற்கரையிலும் தங்கவிடப் பெற்றோர் உள்ளம் எளிதில் இசைவதில்லை. இசைவு தருவோர்க்கு நெஞ்சுரம் வேண்டும். அதனைக் கேட்போர்க்கு நேர்மை வேண்டும். இவ்விரண்டின் பெருமையையும் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபுவின் வாழ்க்கையிற் காணலாம்.

அவர் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். அவருக்கு இராபர்ட் என்று பெயரிட்டனர். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய தந்தையார், மகனது மூன்றாம் வயதிலேயே மறைந்தார். துணையிழந்த அன்னையார் ஹென்றியெட்டா கிரேஸ், தம் மக்களை முன்றானைக்குள் மறைத்து வளர்த்தாரல்லர். விடுமுறை நாட்களில் உடன்பிறந்தார் ஒன்றுகூடிப் படகேறிச் சென்றனர். பள்ளியிற் பயின்ற காலத்தும், அருகிலிருந்த காட்டில் மறைந்திருந்து விலங்குகளின் தடம் தேர்தலே இராபர்ட்டுக்கு இன்பமாயிற்று.

1876ஆம் ஆண்டில் அவர் படையிற் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்கப் போரில், மாஃபெகிங் நகரைப் பகைவர் 217 நாள் முற்றுகையிட்டனர். 1899ஆம் ஆண்டு தொடங்கி 1900ஆம் ஆண்டில் நீங்கிய அம்முற்றுகையில், அவரே நகரைக் காத்து நின்றார். அங்குச் சிறுவர்கள் செய்தி கொண்டு செல்லும் பணியினை அஞ்சாது ஆற்றியதைக் கண்டார். நம்பிப் பொறுப்பளித்தால் சிறுவர் அதனைத் தாங்குவர் என்பது அவர்தம் உள்ளத்தில் வேரூன்றியது.

அதனைச் சோதித்தறிய, 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்சித் தீவில் சுமார் இருபது சிறுவர்களுக்குப் பாசறை அமைத்தார். முன்னதாகப் பெற்றோர்க்கு மடல் விடுத்துத் தம் நோக்கத்தை விளக்கினார். செல்வர் மக்களுக்கு ஒரு பவுனும், எளியோர் மக்களுக்கு மூன்றரை ஷில்லிங்கும் கட்டணமாக வகுத்தார். பெற்றோர் இசைந்தனர். செல்வர் மகனும் தொழிலாளி மகனும் ஓரணியில் நின்று, தீமூட்டவும் முடிச்சிடவும் தடம் அறியவும் கற்றனர். மறு ஆண்டே சாரணர் பயிற்சி நூல் வெளிவந்தது. இயக்கம் பல நாடுகளிலும் பரவியது.

ஆயினும் இந்திய நாட்டில் ஒரு குறை நேர்ந்தது. பெற்றோர் விரும்பினும், இந்தியச் சிறுவர்க்கு இவ்வியக்கத்தின் கதவு தொடக்கத்தில் அடைத்தே இருந்தது. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் மக்களே அதிற் சேர்க்கப்பட்டனர். முதல் உலகப் போர் நிகழ்ந்த 1914–1918ஆம் ஆண்டுகளிடையே, அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் நிறுவினார். 1921ஆம் ஆண்டில் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது, அச்சங்கம் அவரது இயக்கத்துடன் இணைந்தது. அடைத்த கதவும் திறந்தது.

1941ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8ஆம் நாள் கென்யா நாட்டில் அவர் உயிர் நீத்தார்.

மாணவர்களே! தாய் தந்தையர் தயங்குவது அன்பினால்; இசைவது உங்கள்பால் வைத்த நம்பிக்கையினால். அந்நம்பிக்கை பழுதுபடாமல் வீடு திரும்புதலே நீவிர் செலுத்தும் நன்றிக்கடனாகும்.