கல்கத்தா போய் வந்த துப்பாக்கி மன்னன்!
நகல் அடித்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்த சாமுவேல் கோல்ட்

கோட்டுப் பைக்குள் அடங்கும் பழைய ரிவால்வர் ஒன்று அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தால், அது சுடுமா என்று யாரும் கேட்பதில்லை. செய்தவர் யார் என்றுதான் கேட்கிறார்கள். அசல் கோல்ட் என்றால் ஒரு விலை. நகல் என்றால் வேறு விலை.

இந்தத் தலைவலி இன்று நேற்று வந்தது அல்ல. சாமுவேல் கோல்ட் உயிரோடு இருந்த காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

கப்பல் பையன்

1814-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் பிறந்தவர் கோல்ட். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். படிப்பு ஏறவில்லை. வெடி, மருந்து என்றால் மட்டும் உயிர். பள்ளிக்கூடத்தில் வெடி விளையாட்டு எல்லை மீறிப் போகவே, 1830-ல் 16 வயதுப் பையனை 'கோர்வோ' என்ற கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கப்பல் போன ஊர் நம்ம கல்கத்தா!

அந்தப் பயணத்தில்தான் மரத்தைச் செதுக்கி ஒரு ரிவால்வர் மாதிரி செய்தார். சுழலும் துப்பாக்கி அதற்கு முன்பும் உண்டு. ஆனால் உருளையைக் கையால் திருப்ப வேண்டும். கோல்ட் யோசனையில், பின்னால் இருக்கும் சுத்தியலை இழுத்தாலே போதும். உருளை தானாக ஒரு அறை திரும்பி, குழாய்க்கு நேராக நின்று பூட்டிக்கொள்ளும்.

யோசனை இருந்தது. காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? டாக்டர் கூல்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்குச் சிரிப்பு வாயுவை முகரக் கொடுத்துக் காட்சி நடத்தினார். கல்கத்தா புகழ் டாக்டர் என்று விளம்பரம் வேறு! டாக்டர் படிப்பு பொய். கல்கத்தா போனது என்னவோ நிஜம்.

இடி மேல் இடி

1836 பிப்ரவரி 25-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. நியூஜெர்சி மாநிலம் பேட்டர்சனில் கம்பெனி ஆரம்பித்தார். வியாபாரம் படுத்துவிட்டது. 1842-ல் கம்பெனிக்குப் பூட்டு.

அதே வருஷம் இன்னொரு அடி. ஒரு அச்சக முதலாளியைக் கோடரியால் கொன்று, பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பப் பார்த்த வழக்கில் அவருடைய அண்ணன் ஜானுக்குத் தூக்குத் தண்டனை. தூக்கு மேடைக்குப் போக வேண்டிய நாளில் கத்திக் குத்துடன் ஜெயில் அறையில் செத்துக் கிடந்தார் ஜான். தம்பிக்கு வேறு யாராக இருந்தாலும் மனசு விட்டுப் போயிருக்கும்.

1847-ல் காற்று திரும்பியது. மெக்சிகோ சண்டைக்காக கேப்டன் வாக்கர் மூலம் 1,000 ரிவால்வருக்கு ஆர்டர் வந்தது. கோல்ட்டிடம் தொழிற்சாலையே இல்லை! விட்னி என்பவரின் பட்டறையில் செய்து கொடுத்தார். அந்த லாபத்தில் ஹார்ட்போர்டில் சொந்தத் தொழிற்சாலை எழுந்தது.

அடுத்து வந்தது 1849 மாடல் பாக்கெட் ரிவால்வர். 0.31 அங்குலக் குழாய், பெரும்பாலும் 5 குண்டு. 1873 வரை 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் தயாரானது.

விற்றால் நகல் வராமல் இருக்குமா? மசாசூசெட்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனி மீது கோல்ட் வழக்குப் போட்டார். 1851-ல் பாஸ்டன் கோர்ட்டில் ஜெயித்தார். காப்புரிமை 1857 வரை நீடித்தது. முடிந்ததுதான் தாமதம், போட்டி கம்பெனிகள் படையெடுத்தன. மன்ஹாட்டன் கம்பெனி அச்சு அசலாக அதே உருவத்தில் ஒன்றை இறக்கியது.

அடையாளம் எங்கே?

ஆள் கில்லாடி. கரன்சி நோட்டுக்கு அச்சு வெட்டும் ஆர்ம்ஸ்பி என்பவரைப் பிடித்து, குதிரை வண்டியைக் கொள்ளையர் மறிக்கும் சித்திரத்தை உருளையில் பதிய வைத்தார். கள்ள நோட்டுக்காரனைத் தடுக்கும் அதே தந்திரம்! மன்ஹாட்டன் ஆட்கள் அதையும் விடவில்லை, வண்டிக் கொள்ளையைத் தாங்களும் பொறித்தார்கள். ஆனால் உருளையைப் பூட்டும் பள்ளங்களை எண்ணினால் குட்டு வெளிப்படும். கோல்ட்டின் 5 குண்டு உருளையில் 5 பள்ளம். மன்ஹாட்டனில் 10.

குழாய் மேல் கோல்ட் பெயரும் விலாசமும் இருக்கும். செய்தது ஹார்ட்போர்டில் என்றாலும் பெரும்பாலானவற்றில் நியூயார்க் விலாசம்தான். லண்டனில் அவர் நடத்திய தொழிற்சாலையில் செய்தது என்றால் லண்டன் விலாசம். பெல்ஜியத்தில் பணம் கட்டி அனுமதி வாங்கிச் செய்ததில் 'கோல்ட் பிரெவ்தே' என்று இருக்கும். அனுமதி வாங்காமல் அடித்ததும் உண்டு. பெயரை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான். குழாய், சட்டம், பிடி மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண் மாறினால் ஒட்டுப் போட்ட துப்பாக்கி. எண்ணை வைத்துச் செய்த வருஷத்தையும் சொல்லிவிடலாம்.

1862 ஜனவரி 10-ல் கோல்ட் இறந்தபோது வயது 47. விட்டுப்போன சொத்து சுமார் ஒன்றரைக் கோடி டாலர். 1864-ல் தொழிற்சாலையின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. மனைவி எலிசபெத் முன்நின்று அதைத் திரும்பக் கட்டினார். கப்பலில் செதுக்கிய அந்த மரத் துப்பாக்கி ஹார்ட்போர்டு மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.