உடல் என்னும் அமானத்து
ஹகீம் இப்னு சீனா அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை

அல்லாஹு தஆலா மனிதனுக்கு அருளிய நிஃமத்துகளில் ஈமானுக்கு அடுத்தபடியாக எண்ணத்தக்கது உடல் நலம். ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரு நிஃமத்துகளின் விஷயத்தில் மக்களில் பெரும்பாலோர் நஷ்டமடைந்து விடுகிறார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பகலெல்லாம் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கி வந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் ஒரு ஹக்கு உண்டு, கண்ணுக்கும் ஒரு ஹக்கு உண்டு என்று அறிவுறுத்தினார்கள். வணக்கத்துக்காகக்கூட உடலை வதைக்கக் கூடாது என்றால், சோம்பலாலும் நாவின் ருசியாலும் அதைக் கெடுத்துக்கொள்வதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

இந்த ஹக்கை நாள்தோறும் எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை விரிவாக எழுதி வைத்தவர்களில் தலையாயவர் ஹகீம் அபூ அலீ இப்னு சீனா அவர்கள். அவர்கள் எழுதியதில் நமக்குப் படிப்பினை உண்டு. எழுதியபடி அவர்கள் நடவாமற் போனதில் அதைவிடப் பெரிய படிப்பினை உண்டு.

இளமையும் கல்வியும்

ஹிஜ்ரி 370ஆம் ஆண்டில் (கி.பி. 980) புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்னும் சிற்றூரில் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் அப்துல்லாஹ், பல்கு நகரத்தவர். ஸாமானிய மன்னர்களின் ஆட்சியில் அலுவல் பார்த்தவர். தாயார் பெயர் சித்தாரா. பத்து வயதிற்குள் குர்ஆன் ஷரீபை மனனம் செய்து முடித்தார்கள். இந்தியக் கணிதத்தை ஒரு காய்கறி வியாபாரியிடமும், ஃபிக்ஹை இஸ்மாயீல் ஸாஹித் என்னும் பெரியாரிடமும் கற்றார்கள். 16 வயதிலேயே, மூத்த வைத்தியர்கள் தம்மிடம் வந்து பாடம் கேட்கும் அளவுக்கு வைத்தியத்தில் தேர்ந்துவிட்டார்கள்.

பாடத்தில் ஏதேனும் விளங்காவிட்டால் ஒளுச் செய்துகொண்டு ஜாமிஃ மஸ்ஜிதுக்குச் சென்று தொழுது, விளக்கம் தருமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சுவது அவர்களின் வழக்கம். விளங்காத நூலொன்று விளங்கியபோது மறுநாளே ஏழைகளுக்கு சதகா கொடுத்தார்கள். ஆனால் அந்த நாட்களில் ஓர் இரவுகூட முழுமையாகத் தூங்கியதில்லை என்பதையும் தம் வரலாற்றில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இரவில் களைப்பு மேலிட்டால் ஒரு கோப்பை அருந்தித் தெம்பு பெற்றதாகவும் அதில் காணப்படுகிறது. மார்க்கம் விலக்கியதை நாம் மறைக்கவும் வேண்டாம். பெரியவர் செய்தார் என்பதற்காக நியாயப்படுத்தவும் வேண்டாம்.

புகாராவின் மன்னர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது இளைஞரான இப்னு சீனா சிகிச்சைக்கு அழைக்கப்பட்டார்கள். அதன் பயனாக அரண்மனை நூலகத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தது. பின்னர் தந்தையார் மறைந்தார். ஸாமானிய அரசும் கி.பி. 999இல் வீழ்ந்தது. ஊர் விட்டு ஊர் அலைந்து 1012இல் ஜுர்ஜான் நகரை அடைந்தார்கள். அங்கேதான் அபூ உபைத் ஜூஸ்ஜானி என்னும் மாணவர் வந்து சேர்ந்தார். இறுதி வரை பிரியாமல் உடனிருந்து, உஸ்தாதின் வரலாற்றை எழுதி வைத்தவர் அவரே. அல் கானூன் ஃபித்திப் என்னும் பெருநூலை எழுதத் தொடங்கியதும் அந்நகரில்தான்.

கானூன் கூறும் அன்றாட ஒழுங்கு

இந்நூல் ஐந்து பாகங்கள் கொண்டது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் துலைத்துலா நகரில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவின் கல்விச்சாலைகளில் பாடமாக இருந்தது. நம் நாட்டின் யூனானி வைத்தியத்துக்கும் இதுவே அடிப்படைக் கிதாபு. வைத்தியம் என்றால் நோய்க்கு மருந்து கொடுப்பது என்றே நாம் எண்ணுகிறோம். இருக்கின்ற ஆரோக்கியத்தைக் காப்பதும், இழந்ததை மீட்பதும் ஆகிய இரண்டுமே வைத்தியம் என்று இப்னு சீனா அவர்கள் வரையறுத்தார்கள்.

காற்று, உணவும் பானமும், அசைவும் ஓய்வும், தூக்கமும் விழிப்பும், மனத்தின் நிலைகள், கழிவுகள் வெளியாவதும் தங்குவதும் ஆகிய ஆறும் எந்த மனிதனும் தவிர்க்க முடியாதவை. இவற்றில் அளவு கெட்டால் ஆரோக்கியம் கெடும். அளவு சீரானால் ஆரோக்கியம் நிற்கும். யூனானி ஹகீம்கள் இவற்றை ஸித்தா ஸரூரிய்யா என்பார்கள்.

உடற்பயிற்சிக்கு அவர்கள் பெரிய இடம் கொடுத்தார்கள். மூச்சு ஆழமாகவும் தொடர்ந்தும் வரும்படி நாமே விரும்பிச் செய்யும் அசைவே பயிற்சி என்பது அவர்கள் தந்த இலக்கணம். மல்யுத்தம், ஓட்டம், விரைந்த நடை, வில் எய்தல், ஒற்றைக்காலில் தாவுதல், குதிரையேற்றம் எனப் பலவற்றை வகைப்படுத்தினார்கள். வலுக்குறைந்தோருக்கு ஊஞ்சல், படகுச் சவாரி போன்ற இலேசானவற்றைக் கூறினார்கள். முன்பு உண்டது செரித்த பின்பே பயிற்சி செய்ய வேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போது செய்யக் கூடாது. முன்னும் பின்னும் உடலைத் தேய்த்துப் பிடித்துவிட வேண்டும். களைத்துத் துவளும் வரை போகாமல் அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். வயதுக்கும் உடல்வாகுக்கும் ஏற்ப அளவு மாறும்.

உணவைப் பொறுத்தவரை, பசியெடுத்த பின்பே உண்ண வேண்டும். பசி சற்று மீதமிருக்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும். உண்டது செரிக்கும் முன் அதன்மேல் மற்றொன்றைப் போடுவதைப்போல் கேடு வேறில்லை. உண்டபின் மெதுவாகச் சிறிது நடப்பது நல்லது. கடும் வேலையோ குளியலோ கூடாது. வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு தண்ணீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியை இங்கே நாம் நினைவுகூர்கிறோம்.

தூக்கத்தைப் பற்றியும் எழுதினார்கள். அளவான இரவுத் தூக்கம் உடலுக்கு வலிமை. பகலில் நெடுநேரம் தூங்குவது தீங்கு. முதலில் வலப்புறமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். வலப்புறம் சாய்ந்து உறங்குவது நமக்கு ஸுன்னத்து என்பது வாசகர்கள் அறிந்ததே.

பற்களைக் காக்கவும் தனியே விதிகள் உண்டு. கடினமான பொருட்களைப் பல்லால் உடைக்கக் கூடாது. சூடானதை உண்டவுடன் மிகக் குளிர்ந்ததைப் பருகக் கூடாது. பல்லிடுக்கில் தங்குவதை ஈறு புண்படாமல் நீக்க வேண்டும். மிஸ்வாக்கையும் அளவோடு செய்ய வேண்டும். அழுத்தித் தேய்த்தால் பல்லின் பளபளப்பும் உறுதியும் போய்விடும். முடி, தோல், நகம் ஆகியவற்றின் பராமரிப்பையும், மிதமிஞ்சிய பருமனையும் மெலிவையும் நான்காம் பாகத்தில் வைத்தார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால், முதியவருக்குச் சிறுகச் சிறுக உணவு, பயணிக்குக் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர் என ஒவ்வொருவர் நிலைக்கும் ஏற்பக் கூறினார்கள்.

அமீர் கேளாத சொல்

ஜுர்ஜானிலிருந்து ரை நகருக்கும், பின் ஹமதானுக்கும் சென்றார்கள். ஹமதானின் அமீர் ஷம்ஸுத் தவ்லாவுக்கு கூலஞ்ச் எனப்படும் கொடிய குடல்வலி வந்தது. இப்னு சீனா அவர்கள் பல நாட்கள் உடனிருந்து குணப்படுத்தினார்கள். அமீர் அவர்களைத் தம் வஸீராகவே ஆக்கிக்கொண்டார். படையினர் கலகம் செய்து வீட்டைச் சூறையாடியதால் 40 நாட்கள் மறைந்திருக்க நேர்ந்தது. அமீருக்கு மறுபடியும் குடல்வலி வந்தபோது தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டு, மீண்டும் வஸீர் பதவியைக் கொடுத்தார்.

நோய் மூன்றாம் முறை வந்தபோது அமீர் போர்ப் பயணத்தில் இருந்தார். உணவிலும் நடப்பிலும் பேண வேண்டியதைப் பேணவில்லை. ஹகீமின் சொல்லை ஏற்கவுமில்லை. பல்லக்கில் கிடத்தி ஹமதானுக்குத் தூக்கி வரும் வழியிலேயே 1021இல் இறந்து போனார். உலகின் தலைசிறந்த வைத்தியர் பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை. ஏனெனில் பத்தியத்தை நோயாளிக்காக வைத்தியர் இருக்க முடியாது.

ஹகீமே கேளாத சொல்

இப்னு சீனா அவர்களின் வாழ்க்கையோ ஓய்வில்லாதது. ஹமதானில் பகல் முழுவதும் அரசாங்க வேலை. இரவில் மாணவர்களுக்குப் பாடம். பாடம் முடிந்தபின் பாட்டும் பானமுமாகச் சபை. அமீர் இறந்த பின் ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதச் சிறை. பிறகு ஸூஃபியின் உடையணிந்து தப்பி இஸ்ஃபஹானுக்குச் சென்று, அலாவுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்தார்கள். நூல்கள் பெருகின. ஆனால் தம் உடலின் வலிமையை நம்பி, இச்சைகளில் அளவைக் கடந்தார்கள் என்று மாணவர் ஜூஸ்ஜானியே மறைக்காமல் எழுதியுள்ளார். ஆரோக்கியத்தின் உயிரே அளவுதான் என்று உலகுக்கு எழுதிய கை அது!

முடிவில் எந்த நோயை அமீருக்குத் தீர்த்தார்களோ, அதே கூலஞ்ச் அவர்களையும் பிடித்தது. போர்க்களத்துக்கு அருகில் இருந்த நேரம். படை பின்வாங்கினால் தம்மால் உடன் செல்ல முடியாதே என்ற அச்சத்தில், விரைவில் குணமாக வேண்டி ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார்கள். குடல் புண்ணாகிவிட்டது. கரஃப்ஸ் என்னும் செடியின் விதையை 2 தானிக் எடை சேர்க்கச் சொன்னபோது, உடனிருந்த வைத்தியர் 5 திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். 6 தானிக் ஒரு திர்ஹம் ஆகையால் இது 15 மடங்கு. புண் மேலும் மிகுந்தது. பொருளைக் களவாடிய பணியாளர்கள், அகப்பட்டுவிடுவோம் என்று பயந்து மருந்தில் மிகுதியாக அபினைக் கலந்ததாகவும் வரலாறு கூறுகிறது.

சற்றே தேறி எழுந்தார்கள். அப்போதும் தம்மைப் பேணிக்கொள்ளவில்லை, நோய் திரும்பியது. ஹமதானுக்குச் செல்லும் வழியில் வலிமை முழுவதும் போய்விட்டதை உணர்ந்து, இனி இவ்வுடலை நிர்வகிக்கத் தம்மால் இயலாது என்று சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள்.

அதன்பின் அவர்கள் செய்ததை இப்னு கல்லிகான் அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். குளித்துத் தூய்மையாகித் தவ்பாச் செய்தார்கள். கையிலிருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். அநியாயமாக வந்தவற்றை உரியவர்களிடம் திருப்பிச் சேர்ப்பித்தார்கள். அடிமைகளை விடுதலை செய்தார்கள். மூன்று நாட்களுக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்தார்கள். ஹிஜ்ரி 428 (கி.பி. 1037) ரமளான் மாதத்து வெள்ளிக்கிழமையன்று, ஹிஜ்ரிக் கணக்கில் 58ஆம் வயதில் வஃபாத்தானார்கள். கபுரு ஹமதான் நகரில் உள்ளது.

நமக்குரிய பாடம்

தத்துவ விஷயங்களில் இப்னு சீனா அவர்கள் கூறிய சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற பெரியோர்கள் மறுத்துள்ளார்கள். அகீதாவுக்கு நாம் அவரிடம் செல்வதில்லை. வைத்தியத்திலும், உடலின் நான்கு நீர்கள் பற்றிய அக்காலக் கொள்கையை இன்றைய வைத்தியம் கைவிட்டுவிட்டது. அந்நூலைப் பார்த்து எவரும் தாமே மருந்து செய்துகொள்ளவும் கூடாது. ஆனால் அளவாக உண்பது, உண்டபின் சிறிது நடப்பது, வேளையில் உறங்குவது, பல்லைப் பேணுவது, தண்ணீரைக் காய்ச்சிப் பருகுவது ஆகியவற்றை இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள். வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமாவது விரைந்த நடை போன்ற பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

தொழுகையே போதுமான உடற்பயிற்சி என்று சிலர் சொல்வதைக் கேட்கிறோம். தொழுகை அல்லாஹ்வுக்காகச் செய்யும் இபாதத்து. அதை உடற்பயிற்சியாகக் கருதுவது அதன் மதிப்பைக் குறைப்பதாகும். உடலின் ஹக்கை உடலுக்குத் தனியே கொடுக்க வேண்டும். ஆனால் ஐவேளைத் தொழுகை நாளை ஒழுங்குபடுத்தித் தருகிறது. இஷாவுக்குப் பின் வீண் பேச்சை விட்டு உறங்கினால் ஃபஜ்ருக்கு எளிதாக எழலாம். ஃபஜ்ருக்கு மஸ்ஜிதுக்கு நடந்து சென்று, தொழுத பின் அரைமணி நேரம் விரைவாக நடந்து வீடு திரும்பலாம். ஒளுவின்போது மிஸ்வாக், வெள்ளிதோறும் நகம் களைதல், விருந்து வீட்டில் இரண்டாம் முறை பரிமாற வரும்போது போதும் என்று கூறும் துணிவு, இவற்றுக்கு ஒரு காசு செலவில்லை.

இவை அறியாதவர் நம்மில் எவருமில்லை. அறிந்தும் செய்வதில்லை. இப்னு சீனா அவர்களைவிட அறிந்தவர் அக்காலத்தில் யார் இருந்தார்? அந்த அறிவு ஆயிரம் ஆண்டுகளாக எத்தனையோ பேருக்குப் பயன்பட்டும், அவர்களின் சொந்த உடலை 58 வயதுக்கு மேல் காக்கவில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது, ஐயமில்லை. எனினும் வாலிபத்தை எவ்வாறு கழித்தாய் என்று மறுமையில் கேட்கப்படும்போது, எனக்குத் தெரியாது என்று கூற நம்மால் முடியாது. மருத்துவரின் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருப்பது பத்தியம் ஆகாது. இல்மை நெஞ்சில் வைத்திருப்பது அமலும் ஆகாது.

வல்ல ரஹ்மான் நம் உடல்களில் ஆஃபியத்தைத் தந்து, அந்த ஆஃபியத்தைத் தன் வணக்கத்தில் செலவிடவும், அறிந்தவற்றைக் கொண்டு அமல் செய்யவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.